ஜூலை முப்பத்தொன்று, உளுந்து அரைபடுகிறது

கிரைண்டர் சுவிட்சைத் தட்டிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் யார் என்ன பேசினாலும் யார் காதிலும் விழாது. இருபது வருஷத்துக் கல். ஓட ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கிற தம்ளர்கள்கூட ஒன்றை ஒன்று இடித்துக் கிணுகிணுக்கும். மகன் சங்கர் சென்னையிலிருந்து வருகிறபோதெல்லாம், "எம்மா, இந்த எருமையைத் தூக்கிப் போடு, சத்தமில்லாததா ஒண்ணு வாங்கித் தாரேன்" என்பான். கோமு ஒத்துக்கொண்டதே இல்லை. சத்தமில்லாத கிரைண்டரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாளாம்? மாசக் கடைசித் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டுக்காரர் சிதம்பரம் முன்ரூமில் சாய்வு நாற்காலியில் கிடக்கிறபோது, போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஓரகத்தி தெய்வானை பேசினதைக் கமுக்கமாகக் கேட்க வேறு வழி ஏது? ஊறின உளுந்தை மூன்று கை அள்ளிப் போட்டாள். அரைத் தம்ளர் தண்ணீர் விட்டாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பெருங்காய டப்பாவுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்தாள். உளுந்து பொங்கிவர முப்பத்தைந்து நிமிஷம். அதற்குள் கேட்டு முடிக்கணும், அதற்குள் பதிலும் சொல்லி முடிக்கணும். வெளியே அம்பாசமுத்திரத்துச் சாரல் பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தெய்வானை அனுப்பின வாய்ஸ் காலையில் பத்து மணிக்கே வந்தாயிற்று, ஏழு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு. குளிக்கிற அறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒருதடவை கேட்டாள். கேட்ட கையோடு உளுந்தை ஊறப் போட்டாள்.

இதே அடுப்படியில் பத்தொன்பது வருஷம் ரெண்டு பேரும், ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கரண்டியை வாங்கி வாங்கிப் பொங்கியிருக்கிறார்கள். சிதம்பரம் அண்ணன், நயினார் தம்பி. அண்ணன் பெண்சாதி கோமு, தம்பி பெண்சாதி தெய்வானை. நூலகத்தில் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு. கோமு ஆட்டினால் தெய்வானை வாசிப்பாள், தெய்வானை காய் நறுக்கினால் கோமு வாசிப்பாள். மாசம் முடிந்ததும் இந்த மாசத்துப் புஸ்தகம் எது, டிவியில் பிடித்தது எது, பாட்டு எது என்று ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலண்டர் தாளின் முதுகில் எழுதிப் பருப்பு டப்பாவுக்குள் போட்டுவைப்பார்கள். அதற்கு நடக்கிற வாதம் இருக்கிறதே, பஞ்சாயத்து தோற்றது போங்கள். ஒரு சட்டம் மட்டும் உண்டு: முடிக்காததை முடித்தேன் என்று சொல்லக் கூடாது. சட்டம் போட்டவள் கோமுதான். ஒரு தடவை தெய்வானை ஒரு துப்பறியும் கதையைப் படித்து முடித்துவிட்டேன் என்று குதித்தாள், கடைசியில் கொன்னது யாருட்டி என்று கேட்டால் முழித்தாள். நூலகத்துப் புஸ்தகத்தில் கடைசி நாலு பக்கத்தை எவனோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்புறம் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. கடைசிப் பக்கம் கிழிந்த புஸ்தகம் வந்தால் ஆளுக்கொரு முடிவு சொல்லணும், எது நல்லாயிருக்கோ அதுதான் கதையின் முடிவு. தெய்வானை சொல்லுகிற முடிவில் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். செத்தவன்கூட எழுந்து வந்து பந்தியில் உட்காருவான். நயினாருக்கு ஓசூரில் வேலை மாற்றலாகி அவர்கள் போய் ஆறு வருஷம் ஆயிற்று. பருப்பு டப்பாவுக்குப் பதில் போன் வந்தது, அவ்வளவுதான். பட்டியல் ஒரு மாசம் நின்றதில்லை. போன ஆவணியில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன பிறகும் நிற்கவில்லை.

கல்லைச் சுற்றி ஒட்டினதை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். போனை அழுத்தினாள். "ஏக்கா, என்ன செய்யுதிய? உளுந்து போட்டாச்சா?" கள்ளி, அவளுக்குத் தெரியும். "மொதல்ல பாட்டு. எங்க கீழ்வீட்டுப் பிள்ள புல்லாங்குழல் படிக்கால்லா, மூணு மாசமா ஒரே பாட்டு, ஒரே எடத்துல தட்டுவா. இந்த மாசம் பதினெட்டாந்தேதி சாயங்காலம் தட்டாம வாசிச்சுட்டாக்கா! நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே கைதட்டிட்டேன், அது நிமிந்து பாத்து ஓடிப்போச்சு. டிவின்னா, நாடகத்த எல்லாம் விட்டாச்சு, மாமியாக்காரி மூணு தடவ செத்துப் பொழச்சுட்டா, இனி நமக்குத் தாங்காது. மிருக ஆஸ்பத்திரி ஒண்ணு காட்டுதான், ஒடஞ்ச ஆமைக்கு ஓடு ஒட்டுதாங்க. அந்த ஆமை கழுத்த நீட்டி டாக்டரைப் பாத்த பார்வை, அடடா, அதான் இந்த மாசம் எனக்குப் பிடிச்சது." இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்கலாம். அதற்கப்புறம் குரல் இறங்கும். இறங்கினது. "ஒரு விசயம்க்கா. அபி கல்யாணம் ஆவணி இருபதுன்னு முடிவாயிட்டு. ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்காவ. இவுக எழுதி வச்சிருக்கிற தாள நான் பாத்தேன். பெரியப்பா பெரியம்மான்னு ஒரு வரி இல்ல. கேட்டேன். அவுக எம்பேர விட்டாவல்லா, நானும் விடுதேன், சரிக்குச் சரின்னு சொல்லுதாவ. நான் என்னத்தச் சொல்ல?" கோமு அந்த இடத்தில் நிறுத்தினாள். ஆடிப்பெருக்குக்கு இன்னும் மூன்று நாள். அபி. தெய்வானை மகள். பிறந்த பதினாறாம் நாள் இவள் மடியில் போட்டுத்தான் பேர் சொன்னார்கள். தலை பின்னினால் ரெட்டைச் சடைதான் வேண்டும், ரெண்டும் ஒரே கனமாக இருக்கணும், இல்லாவிட்டால் அவிழ்த்துப் போட்டு அழும். அந்தப் பிள்ளையின் பத்திரிகையில் பெரியம்மா இல்லை. ஆடிப்பெருக்கு போய்விட்டால் அச்சாகிவிடும். அச்சானதை யாரும் அழிக்க முடியாது, அது கோமுவுக்குத் தெரிந்த மாதிரி இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது.

தெரியாதா பின்னே. போன ஆடியில் இதே மாதிரி ஒரு மத்தியானம். கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தடிப் புஸ்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள், எழுநூறு பக்கம், கடைசி நாலு பக்கம்தான் பாக்கி. நாலு பக்கமும் கிழியாமல் இருந்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது, அணைக்காமல் நின்றது. சிதம்பரம் செருப்போடு படி ஏறி வந்து மடியில் ஒரு தாளைப் போட்டார். சங்கர் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப். "ஏளா, அச்சகத்துல நிக்காவ, இதக் கொஞ்சம் முழுசா பாத்துக் குடு, நீ பாத்தா சரியா இருக்கும்." அவள் பார்த்தால் சரியாக இருக்கும்! வடை மடித்து வந்த தாளைக்கூட எண்ணெய்க்கு அடியில் இருக்கிற எழுத்துவரை வாசிக்கிறவள் அல்லவா. ஊர்ப் பேர்ப் பலகையில் ஒரு எழுத்து குறைந்தாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிறவள் அல்லவா. பொண்ணு பேர் பார்த்தாள், பையன் பேர் பார்த்தாள். தேதி, முகூர்த்த நேரம், மண்டபம். ஸ்கூட்டர் வாசலில் டுகுடுகு என்று இருமிக்கொண்டிருந்தது. புஸ்தகத்துக்குள் வைத்திருந்த விரல் அரித்தது. கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்கு அப்புறம் பேர்கள்தானே, சொந்தக்காரன் பேர் எங்கே ஓடிப்போகப் போகிறது? "முழுசா பாத்தியா?" என்றார். "முழுசா பாத்துட்டேன், சரியா இருக்கு" என்றாள். அவர் போய்விட்டார். அந்த நாலு பக்கத்தை வாசித்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் கதையில் கடைசியில் என்ன ஆயிற்று என்று சத்தியமாக ஞாபகமே இல்லை. தண்ணீர். தண்ணீர் தெளிக்கணும், மாவு கெட்டிப்படுகிறது. ரெண்டு கை தெளித்தாள். அதிகமாய்ப் போய்விட்டதோ?

ஓசூர் வீட்டுக் கூடம் நீளமானது, அடுப்படி அதன் கடைசியில். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. வெளியூரில் முதல் பத்திரிகை தம்பி வீட்டுக்குத்தான் என்று சிதம்பரம் பஸ்ஸில் வழியெல்லாம் அந்தப் பையை மடியைவிட்டு இறக்கவில்லை. தாம்பாளத்தை நீட்டினார்கள், நயினார் கும்பிட்டு வாங்கினான், தெய்வானை இவள் கையைப் பிடித்து, "வாங்கக்கா, உளுந்த வடை சூடா இருக்கு, ஒரு புஸ்தகம் வச்சிருக்கேன் பாருங்க" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கையில் வடை. அது என்ன புஸ்தகம் என்று கேட்கக்கூட இல்லை, கூடத்தில் சத்தம் நின்றுபோயிற்று. நயினார் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறவன், நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறவன், வாசித்து முடிக்கிறவரைக்கும் பேசமாட்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, சித்தப்பான்னு ஒருத்தன் இருந்தானே, அவன் செத்துப் போயிட்டானா?" சிதம்பரம் வாங்கிப் பார்த்தார். அறுநூறு பத்திரிகை, அதில் பாதி ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. "யாரு பாத்தா இத?" என்று நயினார் கேட்டான். கோமுவுக்கு வடை கையில், வாயில் ஒன்றுமில்லை, இருந்தும் வாய் திறக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், சண்டாளி? நான்தான் நயினாரு பாத்தேன் என்று நாலு வார்த்தை. அதற்குள் சிதம்பரம் சொல்லிவிட்டார்: "நாந்தான் பாத்தேன். என்ன இப்போ?" அந்த முதல் பாதி பெண்சாதிக்காகச் சொன்னது. ரெண்டாவது பாதி வெட்கத்தில் வந்தது. தம்பிக்கு ரெண்டாவது பாதிதான் கேட்டது. ஆற்றில் நீந்தச் சொல்லிக் கொடுத்த அண்ணன், என்ன இப்போ என்று கேட்டுவிட்டானே. கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. மணமேடையில் சித்தப்பா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்து மாமா நின்று போட்டோவில் பல்லைக் காட்டுகிறார். வீட்டுக்கு வந்து கோமு அழுதபோது சிதம்பரம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ பாத்தேன்னு அவனுக்குத் தெரியவேண்டாம். மதினி மதினின்னு உசுர விடுதான். ஒரு ஆளையாவது அவன் நம்பட்டும்." அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அந்த மாசக் கடைசியில் தெய்வானையிடமிருந்து வாய்ஸ் வந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி, புஸ்தகம், டிவி, பாட்டு. கோமு கிரைண்டரைப் போட்டாள்.

அன்றிலிருந்து அவளால் வாசிக்க முடியவில்லை, அதுதான் விஷயம், அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒரு புஸ்தகத்தைத் திறந்தால் முதல் பக்கம் ஓடும், ரெண்டாவது பக்கத்தில் பேர்கள் வர ஆரம்பிக்கும், பேர் வந்தால் உடனே விட்டுப்போன பேர் எது என்று தேட ஆரம்பித்துவிடுவாள். வரிக்கு வரி விரலை வைத்து, திரும்ப மேலே போய், திரும்பக் கீழே வந்து. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். அப்புறம் மூடி வைத்துவிடுவாள். நூலகத்துக்குப் போவாள், எடுப்பாள், கொண்டுவருவாள், அப்படியே திருப்பிக் கொடுப்பாள். பட்டியல் மட்டும் போகணும், அது நின்றால் அப்புறம் என்ன இருக்கிறது? ஆகவே கல்யாணத்துக்கு முந்தி அம்மா வீட்டில் வாசித்ததை எல்லாம் ஞாபகத்திலிருந்து தோண்டி, இந்த மாசம்தான் வாசித்த மாதிரி பத்து மாசம் ஒப்பேற்றினாள். சட்டம் போட்டவளே கள்ளக் கையெழுத்து. போன மாசம் சரக்கு தீர்ந்துவிட்டது. முப்பதாம் தேதி இதே கல் ஓடுகிறது, போன் கையில், ஒரு புஸ்தகமும் இல்லை. சுவரில் மாட்டியிருக்கிற கரண்டு கார்டைப் பார்த்தாள், அதில் இன்னும் வீட்டின் பழைய சொந்தக்காரர் பேர்தான், ரத்தினசபாபதி. "ரத்தினசபாபதின்னு ஒருத்தர் எழுதினது தெய்வா, 'வடக்குவாசல் வீட்டு அடுப்படி'ன்னு பேரு" என்று வாய் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. ஒரு வீடு, ஒரு அடுப்படி, ரெண்டு பொம்பிளைகள், ஒரே ஜன்னல், ஒரு நாள் ஜன்னலை யாரோ சாத்திவிடுகிறார்கள், யார் சாத்தினது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு நிமிஷம் விட்டாள் பாருங்கள் ரீல், அவளுக்கே ஆச்சரியம். "முடிவ நான் சொல்லமாட்டேன், நீயே படிச்சுக்கோ" என்று முடித்துவிட்டு, கிடைக்காத புஸ்தகத்தை எங்கே போய்ப் படிப்பாள் என்று நிம்மதியாக இருந்தாள். பத்து நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. "புஸ்தகம் கெடச்சிட்டுக்கா. படிச்சிக்கிட்டு இருக்கேன்." கோமுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டு கார்டுக்காரர் நிஜமாகவே எழுதித் தொலைத்திருக்கிறாரா?

விரல் போனில் நின்ற இடத்தில் மாவு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு மிச்சத்தைக் கேட்டாள். இந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் காலையிலிருந்து மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "புஸ்தகம்னா இந்த மாசமும் அதேதான்க்கா, 'வடக்குவாசல் வீட்டு அடுப்படி'. முடிச்சிட்டேன். முடிவு சொல்லட்டுமா? பெரியவ ஒரு நா சின்னவகிட்ட வந்து நிக்கா. ஏட்டி, அந்த ஜன்னல சாத்துனது நாந்தான், வேணும்னு சாத்தல, கை பட்டுச் சாத்திட்டுன்னு சொல்லுதா. அதுக்குச் சின்னவ சொல்லுதா, எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா, இந்த வீட்டுல ஜன்னலத் தொடுதது ஒங்களத் தவிர யாரு? அப்படின்னு. அழுதுட்டேன்க்கா. ஆனா ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. சின்னவ புருசங்கிட்ட யாரு சொல்லப்போறான்னு அதுல இருக்கணும், அதக் காணும். சின்னவ சொன்னா அவன் நம்பமாட்டான், ஏன்னா அண்ணனுக்குப் பரிஞ்சு கத கட்டுதான்னு சொல்லுவான். பெரியவதான் சொல்லணும். அந்தப் பக்கம் ஒங்க புஸ்தகத்துல இருந்தா வாசிச்சு அனுப்புங்க. வைக்கட்டுமா? மாவு தண்ணியாப் போயிராம பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். கல் ஓடுகிறது. தெரிந்திருக்கிறது அவளுக்கு, பதினோரு மாசமாக, வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே மாசா மாசம் ஆமையையும் நாடகத்தையும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். எப்போது சொல்லுவாள், எப்போது சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு. கோமுவுக்கு முகம் சுட்டது, கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, அப்புறம் கண்ணில் தண்ணீர் முட்டியது, அடி என் ராசாத்தி, இல்லாத புஸ்தகத்துக்கா முடிவு எழுதினாய்? சரி, தெய்வானைக்குத் தெரிந்துவிட்டது. நயினார்? நூலகத்துக்கு அவனை முதன்முதலில் கூட்டிப்போனது கோமுதான், கல்யாணமாகி வந்த புதிதில் அவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பரீட்சைத் தாளை எழுதி முடித்து வந்து, மதினி, நான் எழுதினதை நீங்க ஒருதடவை பாத்தாச் சரிதான் என்று கேள்வித்தாளை நீட்டுகிறவன். மதினி பார்த்தால் சரியாக இருக்கும். அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அந்த நயினார் இதைக் கேட்டால் என்ன ஆகும் அவன் முகம்? சின்னப் பயம் இல்லை அது. அவளை மரியாதையாகப் பார்க்கிற ரெண்டு கண் உலகத்தில் இருக்கிறது, அந்த ரெண்டும் தாழ்ந்துபோகும். போகட்டுமே? போனால் என்ன? இந்த மனுஷர் பதினோரு மாசமாகத் தம்பி இல்லாமல் கிடக்கிறாரே, அது தாழ்ந்துபோனது இல்லையா? இந்தப் பேச்சையே இவள் தனக்குள் எத்தனை தரம் பேசியிருப்பாள்? கல் ஒருதரம் சுற்றினால் பேச்சும் ஒருதரம் சுற்றும், போகட்டுமே என்கிற இடம்வரைக்கும் வரும், அப்புறம் நயினார் முகம் வரும், திரும்ப முதலிலிருந்து.

அடுப்படி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். சிதம்பரம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், ஆனால் வாசிக்கவில்லை, பேப்பர் கால்மணி நேரமாக அதே பக்கத்தில்தான் இருக்கிறது. வாய் லேசாகக் குவிந்திருந்தது. சீட்டியடிக்கிறார். கிரைண்டர் சத்தத்தில் கேட்காது, ஆனால் கோமுவுக்குத் தெரியும் அது எது என்று. அண்ணனும் தம்பியும் சின்ன வயசில் ஆற்றங்கரையில் கட்டின மெட்டு, எந்தப் படத்திலும் இல்லை. முதல் அடி அண்ணன் அடிக்கணும், ரெண்டாவது அடி தம்பி எடுக்கணும், அப்படியே வீடு வரைக்கும். பத்து மாசம் அவர் வாயில் அந்தச் சீட்டி வரவில்லை. இந்த மாசம் ஆரம்பத்தில் ஒருநாள் முகம் மழிக்கிறபோது வந்தது. முதல் அடி முடிந்ததும் நின்றது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, சவுக்காரம் காய்கிறவரைக்கும், தம்பி எடுக்கட்டும் என்கிற மாதிரி நின்றார். அப்புறம் அவரே துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் ஒருதடவை, பாதி மட்டும். இப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாள், குவிந்த வாய் மூடிக்கொண்டது. பாட்டு கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மாசத்துப் பாட்டு இதுதான், வேறு எதைச் சொன்னாலும் பொய். டிவிக்கும் ஒன்று இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம். போன ஞாயிறு கேள்வி பதில் போட்டியில் ஒரு பொம்பிளை, தையல்காரி, கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள், ஜிகினாத் தாளெல்லாம் மேலேயிருந்து விழுகிறது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சார், எனக்குத் தெரியாது சார், குத்துமதிப்பாத்தான் சொன்னேன்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பைக் கோமு இந்த வாரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போ, புஸ்தகம்?

புஸ்தகம் அலமாரியில் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. மீந்துபோன பத்திரிகை ஒன்றே ஒன்று. பதினோரு மாசமாக அதைத் தொட்டதில்லை. அடுப்படிக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தாள். மஞ்சள் தடவின முனையில் இன்னும் லேசான மணம். விரலை வைத்தாள். பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்தாள். நிகழும் மங்கலகரமான என்று இருக்கிறது, பொண்ணு வீட்டார் தாத்தா பேர், ஊர், மூத்த மகளுக்கும் என்று இருக்கிறது, சங்கரின் பேர், அவன் படிப்பு, மண்டபம், மண்டபத்துக்குப் போகிற வழி. அவசரமில்லை, வாசலில் ஸ்கூட்டர் இல்லை. தங்கள் நல்வரவை விரும்பும். அத்தை, மாமா. தாய்மாமா. அந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை வரி. அச்சுக்காரன் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறான், வரியைத்தான் விட்டுவிட்டான். பார்த்திருந்தால் கண்ணில் குத்தியிருக்கும், அவ்வளவு பெரிய இடம். அவளால் அந்த இடத்தை விட்டு விரலை எடுக்க முடியவில்லை. அப்புறம் எடுத்தாள், கீழே போனாள், தாய்மாமா, பெரிய தாய்மாமா, மற்றும் உற்றார் உறவினர், கடைசியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் போன் நம்பர், அதையும் வாசித்தாள். முடிந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் முழுசாக முடித்த முதல் புஸ்தகம், நாலு பக்கம். மாவு பொங்கிக் கல்லுக்கு மேலே ஏறி நின்றது, இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடலாம். அஞ்சு நிமிஷம் ஓடினால் இந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொல்லிவிடலாம், முன்ரூமுக்குக் கேட்காது. ஆனால் முன்ரூமுக்கும்தானே கேட்கணும்?

சுவிட்சை அணைத்தாள். கல் ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றது, தம்ளர்கள் நின்றன. முன்ரூமில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. ஈரக் கையோடு போனை அழுத்தி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "தெய்வா, அக்கா பேசுதேன். இந்த மாசப் பட்டியல். பாட்டு, உங்க அத்தான் அடிக்கிற சீட்டி. பாதிதான் இருக்கு, மீதி உங்க வீட்டுல இருக்கு. டிவியில ஒரு தையக்காரி, யாரும் கேக்காமலே தனக்குத் தெரியாதுன்னு சொன்னா, அது. புஸ்தகம், நம்ம சங்கர் கல்யாணப் பத்திரிகை. இன்னைக்குத்தான் முடிச்சேன். போன வருசம் முடிக்காமலே முடிச்சேன்னு சொல்லிட்டேன். இத நயினார்ட்டப் போட்டுக் காட்டு. நயினாரு, ப்ரூஃபப் பாத்தது உங்க அண்ணாச்சி இல்ல. மதினி. பாத்தேன்னு சொல்லிட்டுப் பாக்காம விட்டேன், ஒரு கதப் புஸ்தகத்துல நாலு பக்கத்துக்காக. உங்க வீட்டுல வச்சுக் கேட்டப்போ வாயத் தொறக்கல. அவுக எனக்காகப் பழிய வாங்கிக்கிட்டாவ. எம்மேல கோவப்படுங்க. அபி பத்திரிகையில எம்பேர் வேண்டாம்னா விட்டுருங்க, அவுக பேர விடாதீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இருக்கதையும் இல்லாததையும் வாசிக்கேன், கேளுங்க." பத்திரிகையைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். தங்கள் நல்வரவை விரும்பும், அத்தை மாமா, பேர், ஊர். வெள்ளை வரி வந்தது. அங்கே இல்லாததை வாசித்தாள். "சித்தப்பா, சித்தி, சு. ஆறுமுக..." அதற்குமேல் ஒரு அட்சரம் வரவில்லை. போனில் செகண்டு ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்குப் பின்னால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு யாரோ கனைத்தார்கள்.

"ஆறுமுகநயினார்" என்றார் சிதம்பரம். பதினோரு மாசத்தில் முதல்தடவையாக அவர் வாயில் தம்பி பேர். "எங்க அய்யா வச்ச பேரு. பாதியில விடாத, அவனுக்குப் பிடிக்காது. சு. ஆறுமுகநயினார், தெய்வானை, ஓசூர். வாசி." கோமு வாசித்தாள். தாய்மாமா, பெரிய தாய்மாமா, மற்றும் உற்றார் உறவினர். போனிலிருந்து விரலை எடுத்தாள், வாய்ஸ் போய்விட்டது. "மாசக் கடைசியானா உளுந்து போடுதியே, நான் என்ன செவிடா?" என்றார் அவர், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. "யாரு ஒன்ன இதச் சொல்லச் சொன்னா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோமு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு மாவை விட்டாள், மிதந்தது, பதமாகத்தான் இருந்தது. வெளியே சாரல் ஒருவழியாக விழ ஆரம்பித்திருந்தது. கொடியில் துணி கிடந்தது, எடுக்கப் போகவில்லை. பத்து நிமிஷம் இருக்கும், அரை மணி நேரமும் இருக்கும், போன் ஒருதடவை அதிர்ந்தது. வாய்ஸ் இல்லை, ஒற்றை வரி, தெய்வானை அடித்திருந்தாள்: "கடைசியில பேசுனது அத்தானா? இவுக மூணாந்தடவையாப் போட்டுக் கேக்காவ, அந்த எடத்த மட்டும்." கோமு போனை நீட்டினாள். சிதம்பரம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார், ஒற்றை வரிக்கு.

"முழுசா வாசிச்சியளா?" என்று கேட்டாள்.

"முழுசா வாசிச்சேன்" என்றார், போனைத் திருப்பிக் கொடுக்காமல்.